கல்முனைக்கு ஒரு சிற்றரங்கு வேண்டும்!

(கல்முனையில் நாடக அன்பர்கள் கூடிய ஒரு மாலைப்பொழுதில் நிகழ்த்தப்பெற்ற உரை)

வயலிலிருந்தும் கடலிலிருந்தும் தறியிலிருந்தும், பாடசாலையிலிருந்தும் காரியாலயத்திலிருந்தும் வந்து இந்தப் பாயில் ஒன்றாக அமர்ந்திருக்கும் பெருமக்களே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரண்டையும் எல்லோருக்குமே கூறுகின்றோம்.

நாடகத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். நாடகம் என்றதும் உங்கள் மனக்கண்முன் திரை தோன்றும். வண்ண விளக்குத் தோன்றும். வாளேந்திய மன்னனும் வசனம் பேசும் மந்திரியும் தோன்றுவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய நாடகம் அன்று. அதில் மன்னன் இல்லை, மணிமுடி இல்லை, தொடக்கமும் முடிவும் உள்ள கதைகூட இல்லை. இருவரோ மூவரோ வருவர், எதையோ பேசுவர், எதற்கோ காத்திருப்பர். அரைமணி நேரத்துள் ஆட்டம் முடிந்துவிடும். 'இதற்கு என்ன பொருள்?' என்று பார்த்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவர். இதனை அபத்த நாடகம் என்று அறிஞர் அழைப்பர்.

'வேளாண்மைக்குத் தண்ணீர் வருமோ வராதோ என்று தவிக்கும் வேளையில் பொருளற்ற கூத்துக்குப் பொழுது எங்கே இருக்கிறது?' என்று முன்வரிசையில் இருக்கும் வட்டவிதானையார் எண்ணுகிறார். அவருடைய முகமே அதனைச் சொல்கிறது! ஆகவே அவருக்கே முதலில் மறுமொழி கூறுகின்றோம்.

கப்பலில்லாத் துறையும் குடியில்லா வீடும்

ஐயா, பொருளற்ற கூத்தை நாம் பாரிசிலிருந்து இறக்குமதி செய்யவேண்டியதில்லை. அது நமது வாசலிலேயே நடந்திருக்கிறது.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் கட்டினார்கள். டென்மார்க் நாட்டுக் கடனிற் கட்டி, 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கோலாகலமாகத் திறந்துவைத்தார்கள். வணிகக் கப்பல்கள் வருமென்றார்கள். வந்தது மணல்! மணல் வந்து துறையின் வாயை அடைத்தது. கரையோரமாக ஓடும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்ததனால், அப்பாலுள்ள கரையைக் கடல் அரித்துத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணியை ஏற்றி வைப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. கப்பலுக்கென்று கட்டிய துறையிற் கப்பலும் இல்லை; மீனவனுக்குக் கரையும் இல்லை. இதைவிடப் பெரிய அபத்த நாடகத்தை எந்தப் புலவன் எழுதப்போகிறான்?

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளை இக்கூட்டத்தில் யார் மறப்பார்? இலங்கையிலேயே மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை மாவட்டம். வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் உதவியோடு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளை எவருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஆண்டுகள் உருண்டன. கூரைகள் சிதைந்தன, முற்றத்திற் பற்றை வளர்ந்தது. வீடில்லாதவர் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்க, ஆளில்லாத வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன.

உழவரைக் கேட்கின்றோம். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஓர் அறிவித்தலால் நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்திற் பயிர் என்ன செய்யும்? வர்த்தமானியை வாசித்துவிட்டா நெல் கதிர் தள்ளும்?

இந்த மூன்று நாடகங்களையும் நாம் பார்த்தோம். பார்த்ததோடு நில்லாமல் அவற்றில் நடித்தும் இருக்கின்றோம். காத்திருப்போர் பாத்திரம் எப்போதும் நமக்கே வாய்த்தது. நமக்கு நேர்ந்ததை நாமே எட்டநின்று பார்க்க ஒரு மேடைதான் இல்லை. அந்த மேடையைத்தான் வேண்டுமென்கின்றோம்.

பாரிசில் ஒரு சந்து

உலகப்போரின் பின் ஐரோப்பாவில் இவ்வகை நாடகம் முளைத்தது. கோடிக்கணக்கானோர் மடிந்தபின், 'முன்னேற்றம்', 'நாகரிகம்', 'கடமை' முதலிய பெருஞ்சொற்கள் செல்லாக்காசாய்ப் போயின. அந்தச் செல்லாக்காசைத்தான் சிலர் மேடையிலே சுண்டிக்காட்டினார்கள். அவர்களை ஒரு குடைக்கீழ்ச் சேர்த்து மார்ட்டின் எஸ்லின் என்னும் திறனாய்வாளர் 1961 இல் எழுதிய நூலே 'அபத்த அரங்கு' என்ற பெயரைப் பரப்பிற்று.

ருமேனியாவிற் பிறந்து பிரெஞ்சு மொழியில் எழுதிய அயனெஸ்கோ, ஆங்கிலம் படிக்க ஒரு பாடப்புத்தகம் வாங்கினார். அதில், ஒரு வாரத்துக்கு ஏழு நாட்கள், தரை கீழே இருக்கிறது, முகடு மேலே இருக்கிறது என்றவாறான வாக்கியங்கள். எல்லாம் உண்மை, எதிலும் உயிரில்லை. அந்தப் புத்தகத்திலிருந்தே 'மொட்டைத்தலைப் பாடகி' பிறந்தது. 1950 மே 11 இல் அது முதன்முதல் மேடையேறிற்று. அந்த நாடகத்திலே சுவர்க்கடிகாரம் பதினேழு முறை அடிக்கும். வீட்டுக்காரி, 'ஒன்பது மணியாகிவிட்டது' என்பாள். தலைப்பிலுள்ள பாடகியோ கடைசிவரை வரமாட்டாள்!

முதலில் அதைப் பார்க்கவந்தவர் மிகச் சிலர். ஆனால் 1957 பெப்ரவரி மாதந் தொடக்கம், பாரிசில் ஹுஷெத் என்னும் ஒடுங்கிய தெருவிலுள்ள ஒரு சிறிய அரங்கில் அது இடங்கொண்டது. நூறு இருக்கைகூட இல்லாத அரங்கு அது. அதே நாடகமும், அதே ஆசிரியரின் 'பாடம்' என்ற சிறு நாடகமும் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடப்பட்டு வருகின்றன. பின்னாளில் நடிகர்களே கூட்டாகச் சேர்ந்து அந்த அரங்கை நடத்தினர். பெருந்தனவந்தர் கட்டிய மண்டபங்கள் எத்தனையோ மூடப்பட்டன. இந்தச் சந்துக்குள் இருந்த சிற்றரங்கு நின்றது. இங்கே நாம் படிக்கவேண்டியது இதுதான்: அரங்கின் வலிமை அதன் அளவில் இல்லை, விடாமல் ஆடுவதில் இருக்கிறது.

அயனெஸ்கோவின் இன்னொரு சிறு நாடகம் 1952 இல் வந்த 'நாற்காலிகள்'. கடல்சூழ்ந்த ஓரிடத்தில் ஒரு கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். கிழவன் தன் வாழ்நாளின் செய்தியை உலகுக்குச் சொல்ல விரும்புகிறான். சொல்லும் ஆற்றல் தனக்கு இல்லையென்று ஒரு பேச்சாளரை அமர்த்துகிறான். விருந்தாளிகள் வருகிறார்கள், ஆனால் ஒருவரும் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இட்டு மேடையே வெறும் நாற்காலிகளால் நிறைந்துவிடுகிறது. கடைசியிற் பேச்சாளர் எழுந்து வாயைத் திறக்கிறார். அவர் ஊமை! தேர்தற் காலத்து மேடைகளிற் பூமாலையும் ஒலிபெருக்கியும் நாற்காலி வரிசையும் கண்டு பழகிய நமக்கு இந்த நாடகத்துக்கு உரையாசிரியர் தேவையா?

ஒரு கடிதத்தின் கதை

சிரிப்போடு முடிகிற காரியமன்று இது. செக்கோசிலோவாக்கியத் தலைநகரமாகிய பிராக்கில் 1958 இல் ஒரு சிற்றரங்கு தோன்றிற்று. வட்ஸ்லாவ் ஹாவெல் என்னும் இளைஞர் அங்கே மேடைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பின்பு அதே அரங்குக்கு நாடகம் எழுதினார். 1965 இல் ஆடப்பட்ட அவருடைய 'சுற்றறிக்கை' என்ற நாடகத்தின் கதையை மட்டும் சொல்கின்றோம், கேளுங்கள்.

ஒரு காரியாலயத்தின் அதிபருக்கு ஒரு கடிதம் வருகிறது. அவருக்குத் தெரியாத ஒரு புதுமொழியில் அது எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கே தெரியாமல் அவருடைய காரியாலயத்தில் அம்மொழி புகுத்தப்பட்டிருக்கிறது. கடிதத்தை மொழிபெயர்க்க அனுமதி வேண்டும். அனுமதி பெறுவதற்கு, அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று முதலில் தெரிந்திருக்கவேண்டும்! மேசைக்கு மேசை அலைகிறார். ஒரு சிற்றெழுத்தாளப் பெண் இரக்கங்கொண்டு, அனுமதியின்றியே அதனை மொழிபெயர்த்துச் சொல்கிறாள். அதற்காக அவள் வேலையை இழக்கிறாள். அவளாற் காப்பாற்றப்பட்ட அதிபரோ அழகான சொற்பொழிவு ஒன்றை அவளுக்கு ஆற்றிவிட்டு, மற்றவர்களோடு மதிய உணவுக்குப் போய்விடுகிறார்.

எதற்காகச் சிரித்தீர்கள்? 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின், விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆளைத்தேடி நடந்த நம் தந்தையரை நினைத்தா சிரித்தீர்கள்? 1987 இல், பதின்மூன்றாம் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியென்று சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்டது. எழுதப்பட்டபின்னும் அத்தகைய கடிதங்கள் நம்மவர் கைக்கு வந்தன; தன் வாய்மொழி எந்த எழுத்தாற் பதியப்பட்டதென்று அறியாமலே கையொப்பமிட்டு வந்தவரும் நம்மிடையே உண்டு. பிராக்கில் இருந்தவர் நமக்காகவா எழுதினார்? இல்லை. ஆயினும் மனிதரை மொழியாற் பூட்டிவைக்கும் வித்தை எங்கும் ஒன்றே.

1968 இற் சோவியத் படைகள் புகுந்தபின் ஹாவெலின் நாடகங்கள் தடைசெய்யப்பட்டன. அவர் சிறையிருந்தார். 1989 டிசெம்பரில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். நாடகம் எழுதினாற் பதவி கிடைக்குமென்று இளைஞர்கள் எண்ணவேண்டாம்! வெற்றுச் சொல்லை வெற்றுச் சொல்லென்று காணப் பழகிய மக்களை நெடுங்காலம் ஏய்க்கமுடியாது என்பதற்கே இதைச் சொன்னோம்.

நமக்கு விளங்குமா?

'படித்தவர்க்கல்லவா இது விளங்கும்?' என்று கேட்பீர்கள். 1957 நவம்பர் 19 ஆம் நாள் அமெரிக்காவில் சான் குவெண்டின் சிறைச்சாலையில், சாமுவேல் பெக்கெற்றின் 'கோடோவை எதிர்பார்த்து' என்ற நாடகம் ஆடப்பட்டது. இரண்டு வழிப்போக்கர் ஒரு மரத்தடியில் ஒருவருக்காகக் காத்திருப்பதும், அவர் வராமலே போவதுந்தான் நாடகம். பாரிசிலும் பிற நகரங்களிலும் கற்றோர் பலரைத் திகைக்கவைத்த நாடகம் அது. பார்த்திருந்த 1,400 கைதிகளோ அதனைப் பற்றிக்கொண்டார்கள். காத்திருப்பது இன்னதென்று அவர்களுக்கு யாரும் விரிவுரை செய்யவேண்டியிருக்கவில்லை. ஒலுவிற் கரையிலும் நுரைச்சோலை வாசலிலும் காத்திருந்தவருக்கும் வேண்டியதில்லை.

தமிழுக்கும் இது முற்றிலும் புதிதன்று. தமிழ்நாட்டில் ந. முத்துசாமி அறுபதுகளின் இறுதியிலேயே 'காலம் காலமாக' என்ற நாடகத்தை எழுதினார். 1977 இற் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். வங்காளத்தில் பாதல் சர்க்கார் 1963 இல் 'ஏவம் இந்திரஜித்' எழுதினார். பின்பு மேடையையும் திரையையும் துறந்து, மக்கள் நடுவே வெறுந்தரையில் ஆடும் 'மூன்றாம் அரங்கு' கண்டார். நம் நாட்டில் நா. சுந்தரலிங்கத்தின் 'அபசுரம்' இவ்வழியில் வந்த நாடகமென்று பேசப்படுவது.

இந்தக் கரையைப் பாருங்கள். சாய்ந்தமருதைத் தாண்டினாற் காரைதீவு. அங்கே 1892 இற் பிறந்த விபுலானந்த அடிகள், சேக்சுப்பியரின் நாடகங்களையும் நம் நாடக மரபையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' செய்தார். அந்நூல் 1926 இல் வெளிவந்தது. பிறநாட்டு நாடகத்தைப் படித்தால் நம் மரபு கெடுமென்று அவர் அஞ்சவில்லை. வடக்கே போனாற் பெரியநீலாவணை. அவ்வூர்க் கவிஞர் நீலாவணன் 'மழைக்கை' முதலிய பா நாடகங்களைத் தந்தார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் விழாவிற் பாண்டவர் வனவாசம் தெருவிலேயே நடக்கிறது. நம் முஸ்லிம் ஊர்களின் கலியாண வீடுகளிற் பொல்லடியும் றபானும் முழங்கியதை முதியோர் அறிவர். கல்முனையின் சோலைக்கிளி, 1988 இல் வந்த 'எட்டாவது நரகம்' முதலிய தொகுதிகளில், நடப்புலகம் தலைகீழாய்ப் புரண்ட கோலத்தைக் கவிதையாக்கினார். அக்கவிதையைப் படிக்கப் பழகிய ஊருக்கு இந்த நாடகம் அயலாகுமா?

'மேடைக்கூத்து மார்க்கத்துக்கு அடுக்குமா?' என்று கேட்கும் பெரியோரும் உளர். அவர்கள் கேட்பதை நாம் மதிக்கின்றோம். இந்நாடகங்களில் அரிதாரம் இல்லை, ஆபாசம் இல்லை, வேடம்புனையக்கூட வேண்டியதில்லை. பொய்ச்சொல்லைப் பொய்ச்சொல்லென்று காட்டுவதே இவற்றின் வேலை. அந்தக் கைதிகளின் சிறைக்கு பெக்கெற்றின் நாடகத்தைத் தெரிந்தெடுத்ததற்கு, அதிற் பெண்பாத்திரம் இல்லை என்பதே ஒரு காரணமாம்! அதற்காக நம் பெண்கள் ஒதுங்கி நிற்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கவிபாடுவதில் ஆண்களை வென்றவர்கள் இக்கரையின் பெண்கள். பெண்கள் தமக்குள் ஆடுவதா, எல்லோர் முன்னும் ஆடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஒரே தெருவும் ஒரே மொழியும்

இனி, நாம் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகின்றோம். 'மொட்டைத்தலைப் பாடகி'யில் ஓர் ஆணும் பெண்ணும் அறிமுகமில்லாதவர்போல் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். 'உங்களை எங்கோ கண்டதுபோல் இருக்கிறதே!' என்கிறான் அவன். பேசப்பேச, இருவரும் ஒரே புகைவண்டியில் வந்தவர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று தெரிகிறது. ஈற்றில், தாம் கணவனும் மனைவியும் என்று கண்டு வியக்கிறார்கள்!

கல்முனையின் தெருவிலே தமிழரும் முஸ்லிம்களும் அப்படித்தான் அமர்ந்திருக்கின்றோம் அல்லவா? ஒரே பிரதான வீதி, ஒரே சந்தை, ஒரே வாய்க்காலின் தண்ணீர், ஒரே கடல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே மொழி. ஆயினும் 1990 ஆம் ஆண்டின் கொடுமைகள் இரு பக்கத்திலும் புதைகுழிகளை விட்டுச்சென்றன. நேற்று ஒன்றாகத் தேநீர் குடித்தவனுக்கு இன்று கொம்பு முளைப்பதை அயனெஸ்கோ 'காண்டாமிருகம்' என்ற நாடகத்திற் காட்டினார். நாம் அதனைக் கண்ணாற் கண்டோம். பின்பு, 1989 இல் வந்த உப பிரதேச செயலகத்தைப் பற்றிய பிணக்கு முப்பது ஆண்டுகள் நீண்டு, 2019 ஜூன் மாதத்தில் உண்ணாவிரதம்வரை சென்றது. எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக்கூற இங்கு வரவில்லை. அந்தப் பிணக்கில் இருதரப்பாரும் பேசியது தமிழ். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழவில்லை. மொழி வேறாயிருந்தால் மொழிபெயர்ப்பாளரை வைக்கலாம். மொழி ஒன்றாயிருந்தும் விளங்காதபோது யாரை வைப்பது?

அரங்கை வைக்கலாம் என்பதே நமது மறுமொழி. தீர்மானம் நிறைவேற்றும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்துக்காகக் கைதட்டுவர். அபத்த நாடகத்தில் எந்தப் பக்கத்துக்குக் கைதட்டுவது? மேடையில் உள்ள இரு மடையர்களைப் பார்த்து இருவரும் சிரிப்பர். சிரித்து முடிக்கும்போது, 'அது நாமல்லவா!' என்று இருவருக்கும் சுருக்கென்று தைக்கும். ஒரே நேரத்திற் தைக்கும். நாடகம் காணி உறுதியை மாற்றாது, எல்லையைத் திருத்தாது. ஆனால் எல்லையைப் பேசவேண்டியவர்கள் முதலில் ஒரே பாயில் இருந்து ஒன்றாகச் சிரித்திருக்கவேண்டும்.

செய்யவேண்டியது

ஆகவே பெருந்திட்டம் எதனையும் முன்வைக்கவில்லை. ஐந்துபேர் போதும். ஆசிரியர் ஒருவர், நெசவாளர் ஒருவர், உழவர் ஒருவர், மீனவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர். இரு சமூகத்தாரும் அதில் இருக்கவேண்டும். இது ஒன்றே கட்டாய விதி. ஒரு வாங்கு, ஒரு விளக்கு, பாடசாலை மண்டபம் கிடைத்தால் நன்று. கிடையாவிட்டால் அறுவடை முடிந்த களம். இஷாத் தொழுகைக்குப் பின் இருபது நிமிட நாடகம். அதன்பின் இருபது நிமிடப் பேச்சு. மாதம் ஒன்று, மருதமுனையில் ஒருமுறை, பாண்டிருப்பில் ஒருமுறை, நிந்தவூரில் ஒருமுறை, காரைதீவில் ஒருமுறை. நோன்பையும் திருவிழாவையும் பார்த்து நாள் குறிக்கலாம். பொன்னாடை வேண்டாம், முன்வரிசை நாற்காலியும் வேண்டாம். பிரதிநிதிகள் வந்தாற் பாயிலே இடமுண்டு.

முதல் ஆண்டில் மொழிபெயர்த்து ஆடுங்கள். இரண்டாம் ஆண்டில் நீங்களே எழுதுங்கள். துறைமுகத்திற் கப்பலைப் பார்த்திருக்கும் இரு காவற்காரர், விளங்காத கடிதத்தோடு அலையும் ஒரு முதியவள், பூட்டிய வீட்டின் திறப்பை யாரிடம் கேட்பதென்று அறியாத ஒரு குடும்பம்: கதைகளுக்கா பஞ்சம்? அரசாங்கத்தைப் பரிகசிப்பது எளிது. நம்மை நாமே பார்த்துச் சிரிப்பது அரிது. அரியதையே முதலிற் செய்யுங்கள். தமிழர் எழுதும் நாடகம் தமிழரையும், முஸ்லிம் எழுதும் நாடகம் முஸ்லிமையும் முதலில் நையாண்டி செய்யட்டும். அப்பொழுதுதான் அயலவர் அதனை நம்புவர்.

வட்டவிதானையாரே! தண்ணீர் பங்கிடுவதில் நீர் கண்ட அபத்தங்களை நாம் அறிவோம். முதல் நாடகத்துக்குக் கதை உம்மிடம் இருக்கிறது. இன்றிரவே எழுத்தறிந்த ஒருவரிடம் சொல்லிவைப்பீராக. வாங்கு ஒன்றை நாம் கொண்டுவருகின்றோம்.